காளை ஏறிய மாடிப்படி

ஆயிரம் கிலோ காளை ஒன்று தோர்ன்விக் தேநீர்க்கடையின் மாடிப்படி ஏறி வந்து, ஜன்னலோர மேசையருகே நின்று, என் கையால் எட்டு ஸ்கோன் ரொட்டி தின்றது... இதைத்தான் தெல்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாள், காலையில் சுற்றுலாப் பேருந்து கிளம்பும்போது அது எழுநூறு கிலோதான், முதல் ஊரின் இடிந்த மடாலயத்தைச் சுற்றி முடிப்பதற்குள் தொள்ளாயிரமாயிற்று, இரண்டாவது ஊரின் கோட்டை வாசலில் ஆயிரத்தைத் தொட்டது, மாடு என்றால் வளரத்தானே செய்யும்? ஓட்டுநர் டெரெக் கண்ணாடியில் பார்த்துக் கண்ணடித்தான், "முதல்ல ஜாமா, க்ரீமாம்மா?" "ஜாம் தடவி, அதுக்கு மேல க்ரீம். மாடா இருந்தாலும் முறை தெரிஞ்ச மாடுப்பா அது." முப்பது நரைத்த தலைகளும் சேர்ந்து சிரித்தன, சிரிக்கட்டும். பக்கத்து இருக்கையில் அக்கா எனிட் மட்டும் சிரிக்கவில்லை, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள், அதற்குள் கடலோர முதியோர் இல்லத்தின் படிவம், தெல்மா கையெழுத்துப் போட வேண்டிய கோடு மட்டும் காலியாக... "எழுபத்தஞ்சு வயசுல இப்படி உளறிக்கிட்டிருந்தா வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நான் என்னடி சொல்றது?" உளறலா இது? தெல்மா உடனே பந்தயம் கட்டிவிட்டாள், தோர்ன்விக்கில் ஒரே ஒருத்தர் நடந்தது என்று சொன்னால் படிவத்தைக் கிழித்துப் போட வேண்டும், சொல்லாவிட்டால் அவள் கையெழுத்துப் போடுகிறாள், இருவரும் கை குலுக்கியும் ஆயிற்று, எனிட்டின் கை ஏன் அத்தனை குளிர்ந்திருந்தது?

தூறல். தோர்ன்விக்கில் தூறல் இல்லாத செவ்வாய்க்கிழமை உண்டா, காளை வந்த அன்றும் செவ்வாய்தான், சந்தை நாள், தெல்மாவுக்குப் பதினெட்டு வயது, வெள்ளை மேலங்கி, தலையில் ஒரு அசட்டுத் தொப்பி, மாடியில் ஏழு பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், படியில் முதலில் ஒரு மூச்சு கேட்டது, பிறகு ஒரு மரப்பலகை நொறுங்கும் சத்தம், பிறகு கதவு முழுக்க ஒரு செம்பழுப்புத் தலை... யாராவது கத்தினார்களா? ஒருத்தரும் கத்தவில்லை! பாதிரியாரின் மனைவி, "இன்னும் கொஞ்சம் பால் ஊத்தும்மா" என்றாள், வங்கிக்காரர் செய்தித்தாளை ஒரு முழம் உயர்த்திக்கொண்டார், கண்ணுக்கு நேரே நிற்கும் சங்கடத்தைப் பார்க்காமல் இருப்பதுதானே நாகரிகம், மாட்டை அழைக்கவில்லை, எனவே மாடு வரவில்லை. கடைசியில் தெல்மாதான் மேசைவிரிப்பை அதன் கண்ணில் கட்டி, ஸ்கோனை மூக்கருகே காட்டிக் காட்டி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறக்கினாள். மறுநாளும் யாரும் பேசவில்லை, அதற்கடுத்த வாரமும் பேசவில்லை, ஐம்பத்தேழு வருடமாக ஒரு ஊரே மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது... அதற்காக நான் பைத்தியமா?

மாதா கோவிலில் பித்தளை விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர், தெல்மா காளையைப் பற்றிக் கேட்டதும், மழையைப் பற்றிப் பேசினார். கசாப்புக்கடைக் கிழவர், "காளையா? எங்ககிட்ட தொத்திறைச்சி நல்லா இருக்கும்மா" என்றார், சந்தைத் திடல் இப்போது கார் நிறுத்துமிடம், மாட்டுப் பட்டி இருந்த மூலையில் கட்டணச் சீட்டு இயந்திரம், அந்த மூலையை எனிட் ஏன் சுற்றிக்கொண்டு போனாள், ஈரமோ? ஐந்து மணிக்குப் பேருந்து, இப்போது நாலேகால். "போதும்டி, எல்லாரும் சிரிக்கிறாங்க." "சிரிக்கட்டும்க்கா. கையெழுத்துப் போடணும்னா அந்த மாடியில உக்காந்துதான் போடுவேன், என் தேத்தண்ணிய நானே குடிச்சுக்கிட்டு." எனிட்டின் முகம் வெளுத்தது, அந்தக் கடைக்குள் அவள் காலே வைத்ததில்லையாம், அன்றைக்குப் பக்கத்து ஊரில் பல் வைத்தியரிடம் இருந்தாளாம், இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், கேட்காதபோதுகூட...

கடை மாறிவிட்டது, சுவரெல்லாம் சோப்பு வாசனை, ஆனால் மாடிப்படி அதே ஒடுக்கம், மேலே புதிதாக நீலக் கம்பளம். எனிட் முன்னால் ஏறினாள், தெல்மா பின்னால், அக்கா விழுந்தால் பிடிப்பதற்காக, இன்று மாலை தன் விலாசத்தையே மாற்றப் போகிறவளையும் பிடிக்கத்தானே வேண்டும்... ஒன்று, இரண்டு, மூன்று, எனிட் கைப்பிடியை இறுக்கிப் பாவாடையைச் சற்றே தூக்கினாள், நாலாவது படியைத் தாண்டி ஐந்தாவதில் கால் வைத்தாள். அந்தப் படியில் ஒன்றுமே இல்லை, மற்றப் படிகளைப் போல அதுவும் ஒரு நீலப் படி. தெல்மா மூன்றாவதிலேயே நின்றுவிட்டாள். நொறுங்கியது நாலாவது, காளையின் பின்னங்கால் பட்டு, கடைக்காரம்மா அன்றைக்கே மாடியைப் பூட்டினாள், மறுநாள் தச்சர் புதுப் பலகை போட்டார், அப்படியானால் அதைத் தாண்டத் தெரிந்தவர்கள் அன்று அந்தப் படியில் இருந்தவர்கள்தான்...

"அக்கா, நாலாவது படி உன்ன என்ன பண்ணுச்சு?"

"என்னது?"

"தாண்டுனியே."

எனிட் திரும்பவில்லை. கைப்பை சுவரில் உரசியது, கீழே யாரோ சில்லறை கொடுத்தார்கள், தெல்மாவின் மனம் பின்னோக்கி ஓடியது, பல் வைத்தியர், குளிர்ந்த கை, சுற்றிப் போன மூலை... மறக்கிறவளையா இவள் கடலோரத்துக்கு அனுப்பப் பார்த்தாள், மறக்காதவளையா?

"ரோலண்டு," என்றாள் எனிட், சுவரைப் பார்த்தபடி. "மாட்டு ஏலக்காரர் மகன். பட்டிக் கதவுல சாஞ்சுக்கிட்டு முத்தம் குடுத்தான். கொண்டி கழண்டுருச்சு. அவன் ஓடிட்டான், தடியன். நம்ம அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாருடி. நான்தான் அது பின்னாலயே ஓடி வந்தேன்."

"மாடியிலயா? நான் உன்னப் பாக்கவே இல்லையே!"

"படியில வரிசையில நின்னேன். எனக்கு முன்னால நின்னது அதுதான், முந்திக்கிட்டா போக முடியும்? அவ்வளவு பெரிய மாட்டுக்குப் பின்னால நான் உனக்கு எங்கடி தெரியப் போறேன்... நீ விரிப்பைக் கட்டினதும் இறங்கி ஓடிட்டேன்." எனிட் மெல்லத் திரும்பினாள், கண் கலங்கியிருந்தது, உதடு மட்டும் பழைய பிடிவாதத்தோடு. "வந்துச்சு. ஏறித்தான் வந்துச்சு. ஆனா எட்டு ஸ்கோன் இல்லடி, அஞ்சு. நான் எண்ணினேன்."