எட்டு நல்ல பல்

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. ஈரத்துணி மூட்டையைப் பல்லைக் கடித்துத் தூக்கித் தூக்கியே மேல்வரிசை பாழாய்ப் போனது. சில பற்கள் எப்போதோ விழுந்துவிட்டன. இப்போது மூன்று வெடித்து உயிரை எடுத்தன. உள்ளூர்ப் பல் டாக்டரின் வாசல்படி ஏறுகிற வசதி அவளுக்கு இல்லை. எல்லை தாண்டினால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று பஸ் ஏற்றிப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிவந்தவள் நாத்தனார், புருஷனின் அக்கா.

நாத்தனார் போன வருஷம் இதே டாக்டரிடம் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் போட்டுக்கொண்டவள். அன்றிலிருந்து சொந்தத்தில் அவளுக்குப் பேர் பல்லழகி. யார் போட்டோ எடுத்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

டாக்டர் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். உதவிக்கு நின்ற பெண் அதை இவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னாள். "மூணை மட்டும் சரி பண்ணலாம். ஆனா இன்னும் ரெண்டு தடவை வரணும். மேல்வரிசையில மிச்சம் இருக்குற எட்டையும் எடுத்துட்டா இந்த வாரமே செட்டு மாட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடலாமாம்."

"எட்டும் நல்ல பல்லாச்சே."

"இன்னைக்கு நல்ல பல்லு. நாளைக்கு?" என்றாள் நாத்தனார். "என்னைப் பாரு, ஒரேயடியா முடிச்சுட்டு நிம்மதியா இருக்கேன். உனக்கு லீவு என்ன கொட்டியா கெடக்கு?"

லீவு விஷயம் உண்மைதான். இந்த ஒரு வாரத்துக்கே சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மத்தியானம் கீழே போய் ஆப்பிள் வாங்கிக்கொண்டு லாட்ஜ் அறைக்குத் திரும்பினாள். நாத்தனார் வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தாள். கையில் பல்செட். டிஷ்யூ பேப்பரை மடித்து மடித்து அதன் அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். ஈறெல்லாம் சிவந்து புண்ணாகிக் கிடந்தது.

"கதவத் தட்டிட்டு வரமாட்டியா?"

"தெறந்துதான் இருந்துச்சு அண்ணி. எப்போலேருந்து இந்தப் புண்ணு?"

நாத்தனார் செட்டை மாட்டினாள். "மொதல்லேருந்துதான்."

"வயித்துக்கு ஆகலைன்னு வந்ததுலேருந்து வெறும் சூப்பாக் குடிச்சீங்களே."

"என் வயிறு கல்லையும் செரிக்கும். அதுவரைக்கும் எதாவது போனாத்தானே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கியதும் அவள் கேட்டாள்: "அப்புறம் ஏன் என்னைப் புடுங்கிக்கச் சொன்னீங்க?"

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் சுருக்கத்தை நீவினாள். "போட்ட புதுசுல ஊரெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது? நீயும் போட்டுக்கிட்டா, வலிக்குதுடீன்னு சொல்லிக்க ஒரு ஆளு இருக்கும்னு நெனச்சேன். தப்புதான். ஆனா யார்கிட்டயும் மூச்சு விட்றாத. உன் புருஷன்கிட்டகூட."

"நல்லா ஆள் தேடுனீங்க போங்க."

கோபம் வந்தது. ஆனால் அந்தப் புண்ணைப் பார்த்தபிறகு சண்டை போட வாய் வரவில்லை. சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நாற்காலியில் சாய்ந்ததுமே, "மூணு மட்டும் பாத்தா போதும்" என்றாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனாரைக் காட்டி நீளமாகப் பேசினார்.

"உங்க அண்ணி எவ்வளவு அழகா இருக்காங்க, அவங்களைப் பாத்துமா நம்பலைன்னு கேக்குறாரு" என்றாள் உதவிப்பெண். "பயப்படாதீங்க. ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது."

பயம் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். காரணம் சொல்ல வழியில்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. வெளிச்சம் கண்ணில் குத்தியது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். மேலே இருக்கிறவர்கள் இரண்டு தடவை சொன்னால் தலையாட்டியே பழகியவள் அவள். சரி என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

நாத்தனார் எழுந்து வந்தாள். ஒரு கணம் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயில் விரலை விட்டு, செட்டைக் கழற்றி இரும்புத் தட்டில் வைத்தாள். நனைந்த டிஷ்யூவும் கூடவே வந்தது.

"அவளுக்கு மூணு மட்டும் பாக்கச் சொல்லும்மா. அந்த எட்டையும் தொடக்கூடாது. நான் படுற பாட்டை வேணா இங்க வந்து பாக்கச் சொல்லு." சொற்கள் காற்றாக வந்தன. ஆனால் எல்லாம் புரிந்தது.

உதவிப்பெண் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஊசியை வைத்துவிட்டு விளக்கை நாத்தனார் வாய்ப் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். செட்டை வைத்துவிட்டுப் போகட்டும், விளிம்பைத் தேய்த்துத் தருகிறேன், அப்போதே வந்திருக்கலாமே என்றார்.

"மூணு மட்டும்" என்று அவள் மறுபடி சொன்னாள். டாக்டர் தலையாட்டினார்.

அறைக்குத் திரும்பியபோது அவளுக்குப் பாதி வாய் மரத்திருந்தது. நாத்தனாருக்குப் பல்லே இல்லை. புருஷன் போனில் கூப்பிட்டான். நாத்தனார்தான் எடுத்தாள்.

"என்னக்கா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"பல்லு டாக்டர்கிட்ட இருக்குடா. ஒரு வருஷமா புண்ணு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். உன் பொண்டாட்டிக்கு எட்டும் பத்திரமா இருக்கு. நாங்க இன்னும் ரெண்டு தடவை வரணும், அவளுக்கு லீவு கேட்டு வை."