கடிதத்தில் வைத்த தீ

உப்பளம் பகுதியில் இருக்கும் என் டைப்பிங் கடைக்கு வந்து மனு எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் இந்தச் சவரிராயனின் ஆங்கிலத்தைக் குறை சொன்னதில்லை. ஒருவனுக்குக் கோபம் வந்தது என்று சும்மா எழுத மாட்டேன். கண்ணில் தீப்பொறி பறந்தது என்பேன். சாயங்கால வானம் என் மனுக்களில் ‘கிரிம்சன்’ சிவப்பில்தான் இருக்கும். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. இடுப்பு போய்விட்டது, கண் போய்க்கொண்டிருக்கிறது, அந்த வார்த்தைகள்மேல் இருந்த கர்வம் மட்டும் போகவில்லை.

போன மாதம் பலராமன் வந்தான். சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். மெஷினிலிருந்து புகை வந்ததும் மெயினை அணைத்துவிட்டு, ஆள் கூப்பிட வெளியே ஓடியிருக்கிறான். வேலையைப் போட்டுவிட்டு ஓடினான் என்று சஸ்பெண்ட் செய்து எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது.

வெறும் புகைக்கு எவன் இரங்குவான்? ‘கிரிம்சன் டங்ஸ் ஆஃப் ஃபயர்’ என்று ஆரம்பித்தேன். சிவந்த தீ நாக்குகள் கூரையை நக்கின, ஷெட் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் என்று ஒரு பக்கம் தீட்டினேன். படித்துக் காட்டவில்லை. யாரும் கேட்பதுமில்லை, பக்கம் நிறைந்தால் போதும் அவர்களுக்கு. பலராமன் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

நேற்றுக் காலை மனைவி சுலோசனாவோடு வந்து, கம்பெனிக் கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

“என்னா எழுதியிருக்காங்கன்னு பாருங்க சார்.”

வேலை நீக்கம். கூரை வரை தீ எரிந்ததைப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே தீயணைப்பு சிலிண்டர் இருந்தும் தொடவில்லை. அவ்வளவுதான் காரணம். தமிழில் சொன்னேன்.

“தீயா? புகை மட்டுந்தான சார் வந்துச்சு? மெயின ஆஃப் பண்ணதும் அதுவும் நின்னுடுச்சு. உங்ககிட்ட அப்டித்தான சொன்னேன்?”

“சொன்னப்பா.”

“அப்புறம் தீன்னு யாரு எழுதுனது?” என்றாள் சுலோசனா.

“நான்தாம்மா.”

எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுத் தாள் எடுத்தேன். புகை வந்தது. மெயினை அணைத்தேன். ஆள் கூப்பிடப் போனேன். முதல் கடிதத்தில் இருந்த தீ, எழுதிக் கொடுத்தவன் சேர்த்தது. கீழே என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் நாலு வரி. அதைத் தமிழில் மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

“வேல திரும்பக் கெடைக்குமா சார்?” என்றாள் சுலோசனா.

“தெரியலம்மா.”

பலராமன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“அன்னிக்கே இப்பிடிப் படிச்சுக் காட்டியிருந்தீங்கன்னா, தீயில்ல, புகைதான்னு சொல்லியிருப்பேனே சார்.”

அவன் குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.