எட்டு ஆண்டு என்று எழுதிய கிரைண்டர்

"கல்லைக் கொத்தியாச்சுங்க. மாவு இனி வெண்ணெயாட்டம் வரும்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றான் ரிப்பேர்க் கடை ஷாஹுல்.

நஸ்ரியாவுக்கு அது காதில் விழவில்லை. தன் வீட்டு கிரைண்டரின் எவர்சில்வர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தது: பக்ருன்னிசா, 12.5.1996. அம்மாவின் நிக்காஹ் நாள். சீரோடு வந்த தொட்டி. சின்ன வயதிலிருந்து அதைக் கழுவிக் கவிழ்த்தவள் அவள்தான். அது ஒரு தேதி என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பீளமேட்டுச் சுற்றுச்சூழல் ஆய்வு அலுவலகத்தில் அவள் தனியாகச் செய்த முதல் வேலை நேற்றுதான் முடிந்தது. கல்லை வெட்டி எடுப்பதில் தொடங்கி, பழைய இரும்புக்குப் போகும் நாள்வரை ஒரு கிரைண்டர் பூமிக்கு எவ்வளவு பாரம் என்ற அறிக்கை. கல்லும் எவர்சில்வருமான பழைய மாடலைவிட பிளாஸ்டிக் உடம்பு வைத்த புது மாடலே மேல் என்று முடித்திருந்தாள். அதை நம்பி கிரைண்டர் கம்பெனி முதலாளி திருமலைசாமி, பழைய மாடலை நிறுத்த இன்று பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்.

ஆயுள் என்ற கட்டத்தில், வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து இரண்டுக்குமே எட்டு ஆண்டு என்று எழுதியிருந்தாள்.

எட்டா? வீட்டில் ஓடுவது அவளைவிட மூத்தது!

ஆனால் ஒரு வீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. "ஷாஹுல், இனி ஆகாதுன்னு தூக்கிப் போட்டதெல்லாம் எங்கீங்க?"

"பின்னால கெடக்குதுங்க. பழைய இரும்புக்காரர் மாசம் ஒருக்கா அள்ளிட்டுப் போவாரு. ஏனுங்க, ஓட்டைத் தொட்டிக்கு வெலை பேசறீங்களா?"

அவள் அதற்குள் ஓடியிருந்தாள். பதினான்கு தொட்டிகள். ஒவ்வொன்றாகப் புரட்டித் துப்பட்டாவால் துடைத்தாள். பங்காரம்மா, 1994. சைத்ரா, 2003. ஒவ்வொரு கிரைண்டரும் பிறந்த நாள் அதன் தொட்டியிலேயே இருந்தது. செத்தது இந்த மாதம். எந்தக் கருத்துக்கணிப்பில் இது கிடைக்கும்! இருப்பதிலேயே இளையதற்கு வயது பத்தொன்பது.

"பிளாஸ்டிக் உடம்பு வெச்சது?"

"வேற கம்பெனிதுங்க வருது. ஏழு வருசம் ஓடுனாப் பெருசு. வெடிச்சா ஒட்ட முடியாதுங்க."

கவிழ்ந்த தொட்டிமேல் உட்கார்ந்து போனிலேயே கணக்கை மறுபடி போட்டாள். பழைய மோட்டார் தின்னும் கூடுதல் கரண்டையும் விடாமல் சேர்த்தாள். அப்படியும் பழைய மாடல்தான் ஜெயித்தது. அதிலேயே புது மோட்டாரை வைத்தால்? பூமிக்கான பாரம் சரசரவென்று இறங்கியது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

மணி பதினொன்று நாற்பது. திருமலைசாமியின் எண்ணை அழுத்தினாள். 'சின்னத் திருத்தம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எப்போதும் ஒரு சொல் தயாராக இருப்பதை அவள் அறிவாள். இன்று அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"சார், நான் அனுப்புனது தப்புங்க. முழுசாத் தப்பு. கையெழுத்துப் போட்டுறாதீங்க!"

"தப்பைச் சொல்றதுக்கு இத்தனை குதூகலமா அம்மணி?"

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அவர் வீட்டுக்குள் திரும்பி மனைவியிடம் கத்துவது கேட்டது: "ராமாமணி! நம்ம தொட்டீல என்ன வருசம் போட்டிருக்குது பாரு!"

"எம்பத்தொம்பது! எதுக்குங்க?"

"செஞ்சு அனுப்பறவன் நானு. எப்பச் சாகுதுன்னு ஒரு நாளும் பாக்கலையே" என்று சிரித்தார். "பேனாவை மூடி வெச்சுட்டேன் கண்ணு. அந்தத் தொட்டியில ஒண்ணை எடுத்துட்டு ஒடனே வாங்க."

பங்காரம்மாவின் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினாள்.

"ஏனுங்க, அம்மா கிரைண்டரு?" என்று கத்தினான் ஷாஹுல்.

"அதுக்கென்னங்க அவசரம்? அதுக்கு இன்னும் ஆயுசு எவ்வளவோ கெடக்குது!"