வாலில்லாத மாட்டுக்கு இரண்டு மதிப்பெண்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வரலாறு, சமூக அக்கறை எல்லாம் பின்னால் வரும்; நம்பிவிடாதீர்கள். ஒரு பெண் சரியான விடை எழுதினாள். திருத்தியவளுக்கு வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

எரிந்த வயிறு என்னுடையது. ஆனால் பொறாமையை 'நான்' என்று எழுதினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. நாலு வரியில் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். வேண்டாம். அதனால் செம்மொழி என்று ஒருத்தியைப் போட்டிருக்கிறேன். அவள் சுமக்கட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

1917ஆம் ஆண்டு. அமெரிக்கா போரில் இறங்கியது. லட்சக்கணக்கான இளைஞர்கள் முகாம்களில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் மூளை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று

[நிறுத்திவிட்டேன். திருத்துறைப்பூண்டியில் ஒரு உரக்கடை மாடியில் நடந்த கதையை அமெரிக்காவில் தொடங்குவது, படித்தவள் என்று காட்டிக்கொள்ள. வீட்டில் முதல் பட்டதாரிக்கு இந்த வியாதி உண்டு.]

இரண்டாம் முயற்சி:

காவிரித் தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்த அந்தக் காலையில், வயலெல்லாம் பச்சைப் பட்டு விரித்தாற்போல்

[சீ.]

மூன்றாவது:

செம்மொழிக்கு உயரம் இருந்தது, ஓட்டம் இருந்தது, வயது இல்லை.

இது நிற்கும். ராணுவக் காவல் பிரிவுக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவள் கல்லூரியில் இருந்தாள். "டிகிரியை முடிச்சுட்டுப் போயேம்மா" என்றார் அப்பா தியாகேசன். முடித்தாள். கணிதத்தில் முதல் வகுப்பு. மதிப்பெண் பட்டியல் கைக்கு வருவதற்கு நாலு மாதம் முன்பே வயது வரம்பு முடிந்துபோயிருந்தது.

"அப்ப டிகிரி படிச்சது தப்பாம்மா?" என்று கேட்டார் அப்பா. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இப்போது உரக்கடை மாடியில், ஓய்வுபெற்ற அவில்தார் ராஜராஜன் சார் நடத்தும் பயிற்சி மையத்தில், ராணுவத்துக்குப் போகப் போகிறவர்களுக்கு அவள் கணக்கும் புத்திக்கூர்மையும் சொல்லிக்கொடுக்கிறாள். தான் ஏற முடியாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் வேலை.

3

வருஷத்துக்கு ஒரு பெண்ணைத் திருச்சியில் தன் பழைய பட்டாளத்து நண்பர் நடத்தும் விடுதிப் பயிற்சிக்கு இலவசமாக அனுப்புவார் ராஜராஜன் சார். ஒரு இடம்தான். அங்கே போய் வந்தவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள்.

"நீயே ஒரு பேப்பர் ரெடி பண்ணும்மா" என்றார். "மனப்பாடம் பண்ணி எழுதுற கேள்வி வேணாம். மூளை வேல செய்யுதான்னு பாக்கணும்."

இந்த மாதிரிக் கேள்விகள் எங்கே தொடங்கின என்று தேடிக்கொண்டு போனபோதுதான் செம்மொழிக்கு 1917 கிடைத்தது. (ஆமாம், அமெரிக்கா வந்துவிட்டது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.) படைக்கு வந்த பதினேழு லட்சம் பேருக்குமேல் சோதித்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு தாள். தெரியாதவனுக்குப் படங்கள் மட்டும். ஒருவர் மேடையில் நின்று கையசைத்துக் காட்டுவார். எதிரே, சிலர் வாழ்நாளில் முதல்முறையாகப் பென்சிலைப் பிடித்தபடி, உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் விடுபட்டதை வரைய வேண்டும். டென்னிஸ் மைதானத்தில் வலை இருக்காது. வீட்டுக் கூரையில் புகைபோக்கி இருக்காது. டென்னிஸையே பார்க்காதவன் வலைக்கு எங்கே போவான்?

சிசிலித் தீவிலிருந்து குடியேறிய ஒருவர் புகைபோக்கிக்குப் பதில் வீட்டின்மேல் ஒரு சிலுவை வரைந்தாராம். அவர் ஊரில் வீடு என்றால் சிலுவை இருக்கும். தவறு என்று போட்டார்களாம். இப்படிக் கூட்டிக் கழித்து, படைவீரர்களின் சராசரி மனவயது பதின்மூன்று என்று அறிவித்தார்கள். பிறகு எந்த நாட்டுக்காரனை உள்ளே விடலாம், எவனை விடக்கூடாது என்ற சண்டைக்கும் அந்தக் கணக்கை எடுத்துப்போனார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தாள் செம்மொழி. அப்புறம் உட்கார்ந்து, அதே மாதிரி ஒரு கேள்வி தயாரித்தாள்.

[இந்த இடத்தில் அவளை நம்ப முடியவில்லை என்றால் எனக்குப் புரிகிறது. எனக்கும் முடியவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.]

4

இருபத்தைந்தாவது கேள்வி. இரண்டு மதிப்பெண். படத்தில் விடுபட்டதை வரைக.

படம் அவளே போட்டது. நீர் நிற்கும் ஒரு வயல். நாலு பக்கமும் வரப்பு. வரப்புக்கு அப்பால் வாய்க்கால். நடுவில் ஒருவன் இரண்டு மாடு பூட்டி உழுகிறான். ஒரு மாட்டுக்கு வால் இல்லை. விடைக்குறிப்பில் எழுதினாள்: வால்.

தேர்வு முடிந்து எல்லாரும் இறங்கியபின் ஷமீரா மட்டும் படியில் நின்றாள். முத்துப்பேட்டை சாலையில் ஒரு ஊர் அவளுக்கு. அவள் அத்தா மீரா உசேன் சவூதியிலிருந்து திரும்பி, இருந்த தெம்பையெல்லாம் குத்தகை நிலத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். விடிந்தால் மம்பட்டியோடு வயலுக்குப் போய்விட்டு, அந்த வாய்க்கால் கரையிலேயே ஓடிப் பழகுகிறவள். இந்த வருஷம் விட்டால் அவளுக்கும் வயது தாண்டிவிடும்.

"அக்கா, ஒரு டவுட்டு. அந்த வயல்ல தண்ணி எப்படிக்கா வந்துச்சு?"

"ஏன்?"

"மடையே இல்லையே. நாலு பக்கமும் வரப்பு அடச்சுக் கெடக்கு. வாய்க்கா அந்தப் பக்கம் சும்மா ஓடுது. நான் வரப்ப வெட்டி மடை வெச்சுட்டேன்."

"மாட்டுக்கு வால் இல்லாதத நீ பாக்கலையா?"

"பாத்தேன். வாலில்லாட்டி மாடு உழாதாக்கா? ஈதான் ஓட்ட முடியாது." சிரித்தாள். "அதுவும் இப்ப மாடு எங்க இருக்கு? டிராக்டருக்கு வாலா முளைக்குது? மடை இல்லாட்டி எங்க அத்தா அழுதுருவாரு. போன வாரம் பக்கத்து வயக்காரரு எங்க மடைய அடச்சுட்டாருன்னு நான் போட்ட சத்தம் முத்துப்பேட்டைக்கே கேட்ருக்கும்."

"சரி போ. போய் ஓடு."

செருப்பு தடதடக்க ஷமீரா இறங்கிப்போனாள். செம்மொழி தான் போட்ட படத்தை எடுத்துப் பார்த்தாள். வரப்பில் ஒரு சாண் வாய்கூட இல்லை. தண்ணீர் நுழைய வழியே இல்லாத வயல். இதை வரைந்தவளும் குத்தகை விவசாயி மகள்தான், தியாகேசன் மகள்.

5

அவள் மடையை ஏன் மறந்தாள் என்று விளக்க வேண்டும். கதையில் காரணம் கேட்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தின நாள்கூட, "மடையக் கட்டிட்டு வந்து படியேம்மா" என்று அனுப்புவார் அப்பா. முழங்கால் சேற்றோடு வந்து புத்தகத்தைத் தொட்டவள். இனி மடை இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்துத்தான் அவள் படித்தாள். சபதம் பலித்துவிட்டது. வரையும்போது கை அந்தப் பக்கம் போகவேயில்லை.

[அழகான காரணம். கொஞ்சம் அதிகமாகவே அழகு. வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம்.]

அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, வயல் படம் வரஞ்சா என்னென்ன வரையணும்?"

"வரப்பு, மடை. அப்பறம் மத்ததெல்லாம்."

"மாடு?"

"மாடு எதுக்கும்மா? ஏன், வேலையில மாடு வரையச் சொல்றாங்களா?"

போனை வைத்தாள். விடை சரிதான் என்று இப்போது அவளுக்கு ஐயமே இல்லை. கவனியுங்கள், இதற்குப் பிறகுதான் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

ஷமீராவின் மடை நேர்த்தியாக இருந்தது. வரப்பில் இரண்டு கோடு, பக்கத்தில் அடைப்பதற்கு வெட்டிவைத்த ஒரு மண்கட்டி. அந்த மண்கட்டிதான் செம்மொழியைக் கொன்றது. அதை வரைய நிஜமாகத் தெரிந்திருக்க வேண்டும். உயரம், ஓட்டம், வயது எல்லாம் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. போகட்டும். செம்மொழிக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொத்து, 'இந்த மாடியில் புத்திசாலி நான்தான்' என்பது. அதையும் படியில் நின்று சிரித்துக்கொண்டே எடுத்துப்போய்விட்டாள்.

தவறு போட்டாள்.

கூட்டினாள். குத்தாலத்திலிருந்து வரும் எழில்மொழி வாலை ஒழுங்காக வரைந்திருந்தாள்: நாற்பத்தொன்று. ஷமீரா: நாற்பது. அந்த இரண்டைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு. எழில்மொழி நல்ல பெண். அவள்மேல் செம்மொழிக்குப் பொறாமையே வராது. அவளுடைய தகுதியும் அதுதான்.

சாரிடம் பேச்சுவாக்கில் கேட்டும் பார்த்தாள். "சார், ஒரு கேள்விக்கு ரெண்டு விடை இருந்தா?"

"விடைக்குறிப்பு என்ன சொல்லுது?"

"ஒண்ணுதான் சொல்லுது."

"அப்ப முடிஞ்சுதும்மா. நீ எழுதுன குறிப்புத்தான. நாளைக்குப் பத்து மணிக்குப் பட்டியல ஒட்டிரு."

6

அந்த 'நாளை' இன்றுதான். மணி ஒன்பது நாற்பது. மிச்சமான கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எழுதும்வரை பட்டியல் ஒட்ட வேண்டியதில்லை அல்லவா.

முடிவு அ: செம்மொழி மனம் திருந்தி, மதிப்பெண்ணை மாற்றி, ஷமீராவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். [அவள் அழமாட்டாள். எனக்குத் தெரியும்.]

முடிவு ஆ: பட்டியல் ஒட்டப்படுகிறது. ஷமீரா பார்த்துவிட்டு, "பரவால்லக்கா" என்கிறாள். பல வருஷம் கழித்து அவள் முத்துப்பேட்டையில் [இல்லை. அந்த 'பரவால்லக்கா'வை என்னால் எழுத முடியவில்லை.]

முடிவு இ: கேள்வியே செல்லாது என்று எல்லாருக்கும் நீக்கிவிடுகிறாள். எழில்மொழி முப்பத்தொன்பது, ஷமீரா நாற்பது. ஷமீராவுக்கு இடம் கிடைக்கிறது, செம்மொழியின் மானமும் தப்புகிறது. [உங்களுக்கு இது பிடிக்கிறதா? எனக்கும் கைகால் பரபரத்தது. ஆனால் அதிலும் அந்தப் பெண்ணின் மடை சரி என்று யாரும் சொல்வதில்லை.]

ஒரு விஷயம் விட்டுப்போனது. சிசிலிக்காரரின் சிலுவைக்குத் தவறு போட்டவர் யார் என்று தேடினேன். நான் படித்த எதிலும் பெயர் இல்லை. அவருக்கும் ஒரு குறிப்பு கொடுத்திருப்பார்கள். அவர் வீட்டுக் கூரையில் என்ன இருந்ததோ.

சரி, தாள் இதோ. வயல், வாய்க்கால், வாலில்லாத மாடு, வரப்பில் பென்சிலால் ஒரு மடை, பக்கத்தில் மண்கட்டி. அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, அது மட்டும் என் கை. சரி என்று திருத்தினால் சாரிடம் போய் நான் சொல்ல வேண்டும்: தியாகேசன் மகள் மடையை மறந்தாள், மீரா உசேன் மகள் கண்டுபிடித்தாள். அப்படியே விட்டால் ஒருவருக்கும் தெரியாது. உங்களைத் தவிர.

படியில் செருப்புச் சத்தம். தடதடவென்று ஏறுகிறாள்.

"அக்கா, ஒட்டியாச்சா?"

பேனா இங்கே இருக்கிறது. மூடியைக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். மதிப்பெண்ணைச் சீக்கிரம் நீங்களே போடுங்கள்.