சத்தம் குடித்த கம்பளங்கள்

நஸீஹா பையிலிருந்து இரண்டு ஒலிவமரக் கட்டைகளை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒன்றோடொன்று ஓங்கித் தட்டினாள். சத்தம் அவள் கையை விட்டு ஒரு முழம்கூடப் போகவில்லை. பஞ்சு மூட்டையில் விழுந்த கூழாங்கல் மாதிரி அங்கேயே அமிழ்ந்து போயிற்று. பத்து நாளுக்கு முன் இதே கம்பளிச் சத்திரத்தின் முற்றத்தில் இதே கட்டைகளைத் தட்டியபோது, சத்தம் எழும்பி, நாலு பக்கத்து வளைவுகளையும் தொட்டு, மேல்மாடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் காதுக்குத் திரும்பி வந்து அடங்க இரண்டு மூச்சு நேரம் பிடித்தது. அன்றைக்கு அவள் நின்ற இடத்திலேயே அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். இன்றைக்கு மறுபடியும் தட்டிப் பார்த்தாள். டொக். அவ்வளவுதான்.

முற்றம் முழுக்கக் கம்பளம். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருந்தார்கள். மேல்மாடத்துக் கைப்பிடியிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தூண்களைக்கூட விடவில்லை, மணப்பெண்ணுக்கு உடுத்திவிட்டது போலச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சிவப்பு, மாதுளைத்தோல் பழுப்பு, அவுரி நீலம். துனிசியாவின் கைரவான் நகரத்தில் பிறந்த எவளுக்கும் இதைப் பார்த்ததும் புரிந்துவிடும், இது கடைக்குப் போகிற சரக்கில்லை என்று. மகளின் சீருக்கென்று வருஷக்கணக்கில் முடிச்சுப் போட்டு, பெட்டியில் பூட்டி, கோடையில் ஒரு தரம் வெயில் காட்டி மறுபடி பூட்டி வைக்கிற கம்பளங்கள்.

"எப்படி இருக்கு, புள்ள?" என்றாள் வஸீலா. சத்திரத்தைச் சுற்றியுள்ள நெசவுக்காரப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள். முக்காட்டின் நுனியால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "நாப்பத்திரெண்டு வீடு. ஒரு வீடுகூட இல்லைன்னு சொல்லல. விடியக்காலை ஃபஜ்ரு தொழுதுட்டு ஆரம்பிச்சோம், இப்பத்தான் முடிஞ்சுது."

"கண்ணு நெறஞ்சு போச்சு, அக்கா" என்றாள் நஸீஹா. அது பொய்யில்லை. ஆனால் கட்டைகளைப் பைக்குள் ஒளித்துவிட்டாள்.

தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் வஸீலா கேட்டாள்: "விருந்தாளிங்க வர்ற நாளும் அதுவுமா, தரை இப்படி மொட்டையாவா கிடக்கும்?" நஸீஹா அப்போது வாசல் கதவு கிறீச்சிடுகிறதா என்று திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குச் சொல்கிற பேச்சாக, "உங்க வீட்டு விசேஷம்னு நினைச்சுக்குங்க அக்கா, உங்க மனசுபோலச் செய்யுங்க" என்றுவிட்டாள். கம்பளம் நெய்கிற ஊரில், நபி பிறந்த நாள் கச்சேரிக்கு முந்தின வாரம், ஒரு பெண்ணிடம் அப்படிச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்?

மாலூஃப் என்கிற பழைய அந்தலூசியப் பாட்டைப் பாடும் நகரத்து இசைக்குழுவுக்குக் கச்சேரி இடம் பார்ப்பது பதினோரு வருஷமாக நஸீஹாவின் பொறுப்பு. காலையில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை, பிற்பகலில் இது. யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கச்சேரி எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே கிழமை அதே நேரத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பாள். பக்கத்து ரொட்டிக்கடைக்காரன் அடுப்பை எப்போது மூட்டுகிறான், எந்த ஜன்னலில் புறா அடைகிறது, கைத்தடி ஊன்றி வருகிறவர் எத்தனை படி ஏற வேண்டும், தொழுகைக்கு முன் பெண்கள் கைகால் கழுவி ஒளூச் செய்யத் தண்ணீர் எங்கே என்றெல்லாம் விசாரிப்பாள். கடைசியாக, உள்ளதிலேயே மோசமான இருக்கையைத் தேடி, தூணுக்குப் பின்னாலோ மூலையிலோ, அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். முன்வரிசையில் உட்கார்ந்து இடம் பார்க்கிறவன் இடமே பார்க்கவில்லை என்பது அவள் கட்சி. முன்வரிசைக்காரனுக்கு எங்கே போட்டாலும் கேட்கும். ஏழைக்கும் தாமதமாக வந்தவளுக்கும் கிடைக்கிற இருக்கை எதுவோ, அந்த இருக்கைக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். அதை அவள் ஒரு இபாதத்தாகவே, அல்லாஹ்வுக்குச் செய்யும் வணக்கமாகவே நினைத்திருந்தாள், வெளியே சொன்னதில்லை.

இந்த வருஷம் குழுத் தலைவர் ஸி தாயிப், சூஸா சாலையில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தைத்தான் விரும்பினார். மடியில் வைத்து மீட்டும் கானூனில் அவருடைய விரல்களுக்கு இந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது, ஆனால் நாற்காலி எண்ணிக்கை என்றால் அவருக்குச் சபலம். நானூறு நாற்காலி, சரவிளக்கு, ஆளுயர ஒலிபெருக்கி. போன வருஷம் அங்கேதான் நடந்தது. ஊத் என்கிற தந்தி வாத்தியம் தகர டப்பாவாக ஒலித்தது. சத்திரத்துப் பக்கத்து நெசவுக்காரப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை, பொழுது சாய்ந்தால் திரும்பிவர பஸ் கிடையாது. நஸீஹா மூன்று கூட்டங்களில் வாதாடினாள். கடைசியில் அவர், "சரி, இந்த ஒரு தடவை" என்றார். "என் வீட்டுக்காரி கடைசி மூலையில உக்காருவா. ஸகிய்யா முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல. சமையல் நல்லாருக்குன்னு நான் சொன்னாக்கூட ஒத்துக்க மாட்டா. அவளுக்குக் கேக்கலைன்னா, அடுத்த வருஷத்துலேருந்து இடம் பாக்குறதை வேற ஆளுகிட்ட குடுத்துருவேன். கோச்சுக்கக் கூடாது, மகளே."

நஸீஹா கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மூலையில் அவள் ஏற்கெனவே மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாயிற்று.

இன்றைக்கு அவர் சத்திரத்துக்கு வந்தபோது மணி இரண்டு. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கச்சேரி, பொழுது சாயும்போது ஒலிக்கும் மஃரிப் பாங்குக்குள் முடிக்க வேண்டும். ஸி தாயிப் உறையைப் பிரித்து, கானூனை மடியில் வைத்து, ஒரு தந்தியை மீட்டினார். இன்னொன்றை மீட்டினார். தலையைத் திருப்பித் தூண்களைப் பார்த்தார். பிறகு நஸீஹாவுக்கு மட்டும் கேட்கும்படி, "இது கச்சேரி இடமா, மெத்தைக் கடையா?" என்றார்.

"நேத்து வரைக்கும் இப்படி இல்ல, ஸி தாயிப்."

"என் மருமகன் வண்டியில ஒலிபெருக்கி இருக்கு. ஒரு போன் போட்டா அரை மணியில வந்துரும். யாருக்கும் சங்கடமில்ல."

அது உண்மைதான். ஒலிபெருக்கி வந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. கம்பளங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், வஸீலாவின் முகம் வாடாது, ஊத் மட்டும் மறுபடியும் தகர டப்பாவாகும். விருந்தாளிக்கென்று விரித்த கம்பளத்தைச் சுருட்டச் சொல்வது, சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து தட்டை எடுப்பதற்குச் சமம். அதைச் சொல்ல நாக்கு எழாது. ஆனால் சொல்லாமல் விட்டால், இந்த நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் தங்கள் வாழ்நாளில் முதல் தடவையாக ஊத் கேட்க வந்து, ஊத்தைக் கேட்காமலே போய்விடுவார்கள். அது எந்த வகை மரியாதை? யார் மனசும் உடையாத சொல்லை என் நாவில் வை, ரப்பே என்று நஸீஹா உள்ளுக்குள் கேட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட சொல் ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பாடகர் ஹாதியையும் வஸீலாவையும் கூட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். "ஹாதி, நபி புகழ்ல ஒரு அடி பாடுங்க. மெதுவாவே பாடுங்க." ஹாதி பாடினார். வஸீலா தலையாட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. பிறகு மூவரும் வாசல் நடைக்குப் போனார்கள். முன்பு ஒட்டகங்கள் பொதியோடு நுழைந்த வழி அது. வெறும் கல்சுவர், மேலே வளைந்த கூரை. அங்கே யாரும் ஒன்றும் விரிக்கவில்லை. ஹாதி அதே அடியை அதே மெதுவில் பாடினார். குரல் சுவரெல்லாம் பூசிக்கொண்டு, அவர் வாயை மூடிய பிறகும் ஒரு கணம் அங்கேயே நின்றது. வஸீலாவின் கை தானாகவே நெஞ்சுக்குப் போயிற்று.

அவள் ஹாதியை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டும் ஒரே தொண்டையா?"

"ஒரே தொண்டைதான் அக்கா. நடுவுல தண்ணிகூடக் குடிக்கல."

"தப்பு என்னோடது" என்றாள் நஸீஹா. "மனசுபோலச் செய்யுங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீங்க கேட்டப்பவே என்ன வேணும்னு சொல்லியிருக்கணும்."

வஸீலா முற்றத்துக்குத் திரும்பி நடந்தாள். மேல்மாடத்தில் பெண்கள் வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தூணருகே போய், அதில் சுற்றியிருந்த கம்பளத்தின் இழைகளுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. "அப்ப இதுதான் அந்த ஆளோட குரலைக் குடிச்சுதா?"

"ஆமா."

"முழுசாவா?"

"முக்கால்வாசி."

வஸீலாவின் முதுகு நிமிர்ந்ததை நஸீஹா பார்த்தாள். அவள் மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏ, கேட்டீங்களாடி? ஆம்பளைக் குரலே உள்ள போயி வெளிய வர வழி தெரியாம நிக்குதாம். அவ்வளவு நெருக்க முடிச்சு. கடைச்சரக்கா இருந்திருந்தா பாதியாவது தப்பிச்சு வந்திருக்கும்."

மேலே ஒரே சிரிப்பு. "என் வீட்டுக்காரரு குறட்டைக்கும் ஒண்ணு நெய்யணும்" என்றாள் ஒருத்தி. ஸி தாயிப்கூட மீசைக்குள் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் வஸீலா குரலைத் தாழ்த்தினாள். "எடுக்கலாம் புள்ள. ஆனா எங்க போடுறது? விரிச்சதைச் சுருட்டித் தோள்ல தூக்கிட்டு வீட்டுக்குப் போனா, பாக்குறவன் என்ன சொல்லுவான்? கச்சேரிக்காரங்க வேண்டாம்னு தள்ளிட்டாங்கன்னுதான் சொல்லுவான். நாப்பத்திரெண்டு பேருக்கும் அது தலைக்குனிவு."

அப்போது வெளியே சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போயிற்று. அதன் பின்னாலேயே சந்தைக்காரர்களின் கூவல். இந்தச் சத்திரத்தில் நஸீஹாவால் சரிசெய்ய முடியாமல் இருந்தது அந்தச் சந்து ஒன்றுதான். கடைக்காரர்களிடம் ரேடியோவை நிறுத்தச் சொல்லலாம். விழா நாளில் சந்தையையே வாயடைக்க யாரால் முடியும்? மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றவள், வஸீலாவின் கையைப் பிடித்தாள்.

"சந்துல போடலாம் அக்கா. ரெண்டு பக்கச் சுவர்லயும் தொங்க விடலாம், தரையிலயும் விரிக்கலாம். வர்றவங்க எல்லாரும் அதுவழியாத்தான் நடந்து வரணும், ஊரே பாக்கும். அந்தச் சத்தத்தையெல்லாம் அதுங்க குடிக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஏணி வந்தது, கயிறு வந்தது. பேரீச்சைப் பலகாரம் விற்கிறவன் தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டு, "என் கடை முன்னால அந்த நீலத்தைக் கட்டுங்க" என்று சண்டைக்கு நின்றான். முற்றம் கல்லாகி வர வர, சந்து பூத்துக்கொண்டு வந்தது. முதலில் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கம்பள ஓரத்தில் சட்டென்று நிறுத்தினான். விரித்த கம்பளத்தின்மேல் வண்டி ஓட்டக் கைரவான்காரன் எவனுக்கும் மனசு வராது. அவன் இஞ்சினை அணைத்து, வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டே வேறு சந்துக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே செய்தான்.

முற்றத்தில் ஒரே ஒரு விரிப்பு மட்டும் வேண்டியிருந்தது. தஃப் மேளம் அடிக்கிறவருக்குக் கை கனம். அவர் காலடியில் கொஞ்சம் துணி கிடந்தால்தான் மற்ற வாத்தியங்கள் பிழைக்கும். நஸீஹா அதைச் சொன்னதும் நாலைந்து பேர் தங்களுடையதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எல்லாம் கனமானவை, தஃபை ஊமையாக்கிவிடக்கூடியவை. சந்துக்குப் போகக் காத்திருந்த குவியலின் அடியில் பட்டைக் கோடு போட்ட மெல்லிய விரிப்பு ஒன்று மடித்தபடியே இருந்தது. அதை யாரும் விரிக்கவே இல்லை. "யாரோடது இது?" என்று அவள் கேட்டபோது, தூணுக்குப் பின்னாலிருந்து ஸல்ஹா வந்தாள். பிறர் நெய்த கம்பளங்களைக் கழுவிக்கொடுத்துப் பிழைக்கிறவள்.

"வெறும் வீட்டு விரிப்புதான். எல்லாரும் குடுக்குறாங்களேன்னு கொண்டுவந்தேன். அதெல்லாம் வேண்டாம்."

நஸீஹா அதைக் கல்லின்மேல் விரித்து, மேலே நின்று கட்டைகளைத் தட்டினாள். சத்தம் போய்த் திரும்பி வந்தது, முனை மட்டும் மழுங்கி. இன்னொரு தரம் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். இரக்கப்பட்டு எடுத்ததாக ஸல்ஹாவுக்குத் தோன்றிவிடக் கூடாது. அப்படியும் இல்லை. "இதுதான் வேணும்" என்றாள். "இதைவிடத் தடிச்சா கெட்டுப்போயிரும்." ஸல்ஹா குனிந்து, விரிப்பின் ஒரு மூலையில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டாள். ஏற்கெனவே நேராக இருந்த இன்னொரு மூலையையும் நீவினாள்.

ஸி தாயிப் கானூனை மறுபடி மீட்டினார். முகம் சுளித்து, ஒரு தந்தியை முறுக்கினார். பிறகு இன்னொன்றை. கம்பளங்களுக்கு நடுவே அவை சுருதி தப்பியிருந்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் நஸீஹாவைப் பார்க்கவில்லை.

அஸர் முடிந்து ஜனம் வந்தது. தரையில் விரித்திருந்ததால் ஒவ்வொருவரும் சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவர்களைப் பார்த்தபடி மெல்ல நடந்து வந்தார்கள். எது யாருடையது என்று பெண்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நூற்றி எண்பது பேர் இருக்கும். ஸகிய்யா கடைசியில் வந்தாள். கணவர் சொன்ன மூலையில், தூணுக்குப் பின்னால், ஒரு காகிதப் பொட்டலம் சூரியகாந்தி விதையோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்த கணத்திலிருந்தே கொறிக்கத் தொடங்கினாள். பக்கத்துப் பெண்ணிடம் யாருடைய மகளுக்கோ வந்த சம்பந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிக், டிக் என்று விதை உடைந்துகொண்டிருந்தது.

நஸீஹா வாசல் நடையின் ஓரத்தில், கல்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். வாத்தியக்காரர்களை அவள் பார்க்கவில்லை, கச்சேரியில் அவள் எப்போதும் பார்ப்பது கடைசி மூலையைத்தான். முதலில் ஊத் மட்டும் தனியாக எழுந்தது. மிக மெல்லிய தந்தியில், யாரிடமோ ரகசியமாக ஒன்றைக் கேட்பது போல. ஸகிய்யா அப்போதுதான் ஒரு விதையை எடுத்துப் பற்களுக்கு இடையில் வைத்திருந்தாள். பக்கத்துப் பெண் பேச்சைத் தொடர வாயைத் திறந்தாள். ஸகிய்யா அவள் முழங்கையை மெல்லத் தொட்டு நிறுத்தினாள். கண் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது. விதை பல்லிடுக்கில் அப்படியே இருந்தது, அவள் அதைக் கடிக்கவில்லை.