வில்லன் கிடைக்காத குரோமோசோம் கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்பகப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது மாட்டிய கதை இது. பக்கத்து நாற்காலிப் பெண், "ஜோடி சேர்க்கிறதுதாங்க என் வேலை" என்றாள். கல்யாணத் தரகர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவள் சேர்ப்பது குரோமோசோம்களை. ஆய்வகத் திரையில் கலைந்து கிடப்பவற்றை இணை இணையாக அடுக்குவாளாம். விடுவேனா? அவள்தான் கதாநாயகி; மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் அவள் அக்காவும் கதையில் உண்டு.

2

முதல் தொடக்கம்: அந்தக் கொடூர மரபணு அவள் அக்காவின் மார்பில் புற்றாகப் படமெடுத்து...

(அடித்துவிட்டேன். வரைவைப் படித்த கதாநாயகி விழுந்து விழுந்து சிரித்ததுதான் காரணம்.)

"ஐயோ, அது வில்லன் இல்லீங்க, காவல்காரன். செல் கண்டபடி பெருகாம புடிச்சு வைக்கிறதே அதுதான். ரெண்டு பிரதி இருக்கும். அக்காவுக்கு ஒண்ணு பிறவியிலேயே பழுது. இன்னொண்ணு, குரோமோசோம் துண்டு உடைஞ்சப்போ அதோட போயிடுச்சு."

"அப்ப வில்லன் யாரு?"

"யாருமில்ல. காவலுக்கு ஆளில்ல, அவ்வளவுதான்."

குடும்பக் கதை எழுதுகிறவள் வயிற்றில் இப்படியா அடிப்பது! இல்லாத ஆளுக்கு நான் எப்படி மீசை வைப்பேன்?

3

கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிறவிப் பழுது தங்கைக்கும், அதாவது நம் கதாநாயகிக்கும், உண்டா? இரத்தம் கொடுத்தாயிற்று. முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டிருக்கிறார்.

முடிவு அ: இல்லை. எல்லோரும் கட்டிக்கொண்டு... (அப்படியானால் அக்காவுக்கு மட்டும் ஏன் என்று ஒரு வாசகி கேட்பாள். இதையும் அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: உண்டு. அடிக்கடி பரிசோதனை, முளையிலேயே பிடித்துவிடலாம். (சரிதான். ஆனால் அக்கா தங்கையைப் பார்க்கும் அந்தப் பார்வையை எழுதக் கை வரவில்லை.)

4

டாக்டர் அறை. சிகிச்சையில் அக்காவுக்கு முடி கொட்டிவிட்டது, வாய் கொட்டவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஏய், உன் காலைப் பாருடி" என்றாள் அக்கா.

தங்கையின் இடது காலில் நீலச் செருப்பு, வலது காலில் பழுப்பு.

"பெரிய ஜோடி சேர்க்கிற மகாராணி!"

"நீ மட்டும் என்னவாம்?"

அக்காவுக்கு இடது பழுப்பு, வலது நீலம். கிளம்பிய பதற்றம் அப்படி.

"எதுவும் தொலையலக்கா, இடம்தான் மாறியிருக்கு. குரோமோசோமும் இப்படித்தான் துண்டு மாத்திக்கும்!"

அவ்வளவுதான். அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். தங்கைக்குக் கண்ணில் நீர். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்குகிறார். இருவர் கையும் இறுகக் கோத்திருக்கிறது.

டாக்டர் என்னைப் பார்க்கிறார்: சொல்லட்டுமா?

நான் மெல்ல எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசகரே, உள்ளே இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர்கள் சிரித்து முடிக்கட்டும். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையசையுங்கள்.