கவுதாரி நின்ற தரிசு

என் கணவர் கொட்வின் துவக்கு வாங்கப் போகிறார் என்ற கதை பரவியபோது ஹம் நகரப் பக்கத்துத் தமிழ்ச் சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. துவக்குக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடிவந்த மனிதன், ஜெர்மனியில் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் துவக்கு வாங்குகிறாராம். அங்குள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு, கிறிஸ்தவ வேதக்காரரான நாங்களும் கடை பார்க்கும் சாட்டில் வருடாவருடம் போவோம். 2007ஆம் ஆண்டுத் தேரில் கல்யாணசுந்தரம் அண்ணை கச்சான் பொதியும் கையுமாக என்னை மறித்து, "என்ன தேவமலர், கவுதாரிக் கறி எப்ப?" என்று கேட்டார்.

"நவம்பரிலை வாங்கோ அண்ணை, காய்ச்சித் தாறன்" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

என் கணவர் சோஸ்ற் நகரத்துக்குத் தெற்கே, மேட்டில், ஹோல்ட்மன் என்ற கமக்காரரிடம் பதினொரு வருடமாக உழவு இயந்திரம் ஓட்டிவந்தார். அந்த மேட்டுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை நிற்காமல் இறங்கிவிடும். வாய்க்காலும் இல்லை, கிணறும் இல்லை, கோதுமை வானத்தை நம்பித்தான் நிற்கும். அந்த வருடம் ஏப்ரல் முழுக்க ஒரு துளி விழவில்லை. ஹோல்ட்மன் தினமும் வாசலில் நின்று மேகத்தைத் திட்டுவார், உள்ளே வந்து இவரைத் திட்டுவார்.

ஒவ்வொரு நவம்பரும் அந்த மேட்டில் பறவை வேட்டை நடக்கும். ஒரு கரையில் துவக்குக்காரர்கள் இலக்கம் போட்ட இடங்களில் வரிசையாக நிற்பார்கள். மறுகரையிலிருந்து செம்மஞ்சள் அங்கி போட்டவர்கள் தடியால் பற்றைகளைத் தட்டி, சத்தம் போட்டு, பறவைகளை அவர்கள் பக்கம் கலைத்துக்கொண்டு போவார்கள். இவர் பத்து வருடமும் தடிக்காரர். முடிவில் விழுந்த பறவைகளைப் புல்லில் வரிசையாகக் கிடத்திக் கொம்பு ஊதுவார்கள். துவக்குக்காரர்கள் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்வார்கள். பிறகு அவர்களுக்கு மண்டபத்தில் மேசை போட்டுச் சாப்பாடு, தடிக்காரருக்குக் கொட்டிலில் நின்றபடி சூப். அன்றைக்கு ஹோல்ட்மனின் மனைவி என்னைச் சமையலுக்குக் கூப்பிடுவாள். ஆகவே இரண்டு இடத்துச் சூப்பும் ஒரே பானையிலிருந்துதான் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இவருக்கு அந்தக் கரையில் போய் நிற்க ஆசை. கொல்லுகிற ஆசை கிடையாது. வீட்டில் கோழி உரிப்பதென்றாலே என்னைக் கூப்பிட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். வேட்டைக்காரரை அங்கே யேகர் என்பார்கள். எல்லோருக்கும் முன்னால் யாராவது தன்னை யேகர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எனக்கு அது விசர்த்தனமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு மனிதன் பத்து வருடம் ஒரே கரையிலிருந்து மற்றக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும் போலும்.

வாக்குக் கொடுத்தது ஹோல்ட்மன்தான். "வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணு கொட்வின், ஏழாம் இடம் உனக்கு" என்று முந்தின வருட அறுவடை விருந்தில் தோளில் தட்டிச் சொன்னார். சும்மா சொல்லவில்லை. அந்த மேட்டில் கவுதாரி மிஞ்சியிருந்ததே இவரால்தான்.

அந்தக் காலத்தில் கமக்காரர்கள் நிலத்தில் ஒரு பங்கைத் தரிசாக விட வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் இருந்தது. ஹோல்ட்மன் சரிவில் நாலு ஹெக்டேரை அப்படி விட்டிருந்தார். அவருக்கு அது வெறும் பற்றை. இவருக்கு அது பிள்ளை மாதிரி. குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை புல்லில் கைவைக்க விடமாட்டார். பனி கொட்டினால் தானியம் கொண்டுபோய் வைப்பார். வசந்தத்தில் பொழுதுபடும் நேரம் வேலிக்கரையில் குந்தியிருந்து, கவுதாரிச் சேவல் கத்துவதை வைத்துச் சோடிகளை எண்ணி எழுதிக்கொண்டு வருவார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்தால் கவுதாரியைச் சுடக்கூடாது என்பது அந்த வட்டார வேட்டைச் சங்கத்தின் கட்டுப்பாடு. எட்டு வருடமாக ஒருவரும் சுடவில்லை. அந்த வருடம் இவர் ஒன்பது சோடி எண்ணினார். சங்கத் தலைவர் டொக்டர் புறூக்மன், ஒரு பல் வைத்தியர், தானே வந்து இவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுவிட்டு, நவம்பரில் கவுதாரி சுடலாம் என்று அனுமதி கொடுத்தார்.

பரீட்சைக்கு இவர் படித்த படிப்பை எங்கள் மகள் தன் பள்ளிக்கூடத்துக்குப் படித்திருந்தால் இன்றைக்கு அவளும் ஒரு பல் வைத்தியர். சாப்பாட்டு மேசையில் பறவைப் படங்களைப் பரப்பி வைத்து, நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட இவர் ஜெர்மன் பெயர் சொல்வார். துவக்கு அனுமதி கொடுக்கும் கந்தோரில் ஒரு பெண், இலங்கையில் துவக்கு பிடித்ததுண்டா என்று மூன்று தரம் கேட்டாளாம். "என்னைப் பார்த்துப் பிடித்தார்கள், நான் பிடித்ததில்லை" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மே மாதம் பத்திரம் கையில் கிடைத்தது. பழைய துவக்கு ஒன்றும் பச்சைத் தொப்பி ஒன்றும் வாங்கினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்ற மனிதனை நான் போதும் போதும் என்னும்வரை பகிடி பண்ணினேன்.

அந்தக் கோடையில் உலகமெல்லாம் கோதுமைக்குத் தட்டுப்பாடு. ஒரே வருடத்தில் விலை இரண்டு மடங்காகிவிட்டது. செப்டெம்பர் கடைசியில், அடுத்த விதைப்புக்குத் தரிசு விடத் தேவையில்லை என்று பிரசல்ஸில் முடிவெடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"சரிவை உழட்டாம்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கரையிலை இருபது மீற்றர் விடுவம், குருவியள் ஒதுங்கட்டும் எண்டு கேட்டனான். ஏலாதாம். முழுக்க விதைக்கோணுமாம்."

"மாட்டன் எண்டு சொல்லுங்கோ. வேறை ஆளைப் பிடிச்சு உழட்டும்."

"வேறை ஆள் பிடிச்சா எனக்கென்ன வேலை அங்கை? நீர் விளங்காமல் கதைக்கிறீர். இடம் தாறன் எண்டு சொன்ன மனுசன். இந்த நேரத்திலை போய் முரண்டு பிடிக்கிறதே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஏழாம் இடத்துக்காக, அங்கே நின்று சுட வேண்டிய பறவையின் கூட்டையே உழப் போகிறார். அதைச் சொன்னேன். இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். பாதிச் சரிவு கறுப்பாகிவிட்டிருந்தது. மிச்சப் புல்லுக்குள்ளிருந்து கவுதாரிகள் கூட்டமாக எழும்பி, கொஞ்சம் தள்ளி விழுந்து, இயந்திரம் கிட்ட வர மறுபடி எழும்பின. கடைசி எழும்பலில் வீதியைத் தாண்டி, அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்த அடுத்தவன் காணிப் பக்கம் போய்விட்டன. இவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை வேலிக் கட்டையில் வைத்துவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.

வேட்டை நாள் வந்தது. இவர் விடியவே எழும்பித் தொப்பியைத் தட்டித் தட்டித் துடைத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் ஹோல்ட்மன் விருந்தாளிகளுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார். இவரைக் கண்டதும் ஒருபக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த முறை பறவை குறைவு கொட்வின். ஆறு துவக்குத்தான். மேட்டை உன்னைப்போல் தெரிந்தவர்கள் இல்லை. நீ கலைக்கிறவர்களோடு போனால் எனக்குப் பெரிய உதவி."

இவர் முற்றத்து விருந்தாளிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். துவக்கைக் காருக்குள் வைத்துப் பூட்டினார், தொப்பியை என்னிடம் தந்தார், செம்மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு போனார். நான் தொப்பியும் கையுமாகச் சமையல்கட்டில் நின்றேன். அழுகை வந்தது, ஹோல்ட்மனின் மனைவி பார்க்கிறாளே என்று வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

நாள் முழுக்க நடந்தும் புல்லில் கிடத்த அவர்களுக்குக் கிடைத்தது ஃபசான் என்ற காட்டுக்கோழிச் சேவல் மூன்றும் ஒரு முயலும்தான். கவுதாரி ஒன்றுகூட எழும்பவில்லை. மண்டபத்தில் எல்லோரும் மேசையில் இருந்ததும் டொக்டர் புறூக்மன், ஒன்பது சோடி எங்கே போனது என்று கேட்டார்.

"சரிவை உழுதாயிற்று" என்றார் ஹோல்ட்மன்.

"யார் உழுதது?"

"கொட்வின்."

கொட்டிலிலிருந்து இவரைக் கூப்பிட்டார்கள். சூப்பும் கோப்பையுமாக வந்து கதவடியில் நின்றார். நான் அகப்பையோடு பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

டொக்டர் எழும்பி நின்றார். "நீங்கள் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். உங்களோடு சேர்ந்து நானே எண்ணினேன். தெரியாதவன் உழுதிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் ஒரு யேகர். ஒரு யேகர் இந்த வேலையைச் செய்யலாமா? வெட்கமாக இல்லையா?"

ஹோல்ட்மன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, வாய் திறந்துவிட்டேன். "அந்த நிலம் யாருடையது என்று கேளுங்கள், டொக்டர்" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

"மன்னியுங்கள்" என்றார் இவர். டொக்டரிடம் சொன்னாரா, என் வாய்க்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்.

பொழுதுபட முன்னமே புறப்பட்டோம். காருக்குள் ஏறும்போதே நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஹோல்ட்மனின் பரம்பரையை, டொக்டரின் பல்லை, இவருடைய முதுகெலும்பை, ஒன்றையும் விடுவதாக இல்லை. மேட்டிலிருந்து இறங்கிப் பெரிய வீதிக்கு வந்ததும் இவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம், தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்த அன்றைக்குக்கூட நான் காணாத வெளிச்சம்.

"எல்லாருக்கும் முன்னாலை டொக்டர் என்னை யேகர் எண்டு சொன்னவர். ரெண்டு தரம். கேட்டனீரோ?"

அடுக்கி வைத்ததையெல்லாம் அப்படியே மூடி வைத்தேன். இந்த மனிதனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை.

"ஓம், கேட்டனான்" என்றேன்.